பச்சைப் புள்ளிப் பால்

தாய்ப்பால் பாட்டில்மேல் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி குத்தலாம் என்று முதன்முதலில் யோசித்த மூளை எது என்று எனக்குத் தெரியும். அந்த மூளைக்குச் சொந்தக்காரர் என் மேலதிகாரி நிரஞ்சன். வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் முகத்துக்கு நேரே கத்த வேண்டும்போல் இருக்கும். சம்பளக்காரி என்பதால் கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, ஆசைதீரக் கத்திவிட்டு வருவேன். அந்தத் திங்கட்கிழமை மட்டும் நேரிலேயே கத்தினேன்.

என் பெயர் பூங்கோதை. கோயம்புத்தூர் பீளமேட்டில், உப்பிலிருந்து ஊஞ்சல்வரை எல்லாம் விற்கும் ஓர் ஆன்லைன் கடையின் அலுவலகத்தில் குறிச்சொல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே நிறச் சேலையை ஒரு கடைக்காரர் 'அரக்கு' என்று எழுதி அனுப்புவார், இன்னொருவர் 'மெரூன்' என்பார், மூன்றாமவர் 'குங்குமக் கலர்' என்பார். வாங்க வருகிறவர் வடிகட்டியில் 'அரக்கு' என்று தட்டினால் மூன்று சேலையும் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மற்ற இரண்டும் உலகத்திலேயே இல்லாத மாதிரிதான், எவ்வளவு அழகாக இருந்தாலும் குடோனில் கிடந்து மக்க வேண்டியதுதான். அதனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே சீராகக் குறிச்சொல் போடுவோம். நான் விரும்பிச் செய்த வேலை அது. தேடுகிறவர் கண்ணில் பொருளைப் படவைப்பதில் என்ன பாவம் இருக்கிறது?

பால் வந்தது அப்புறம். குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் பவுடர் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பவுடர் வழியாகப் பரவிய ஒரு தொற்றில் ஏகப்பட்ட பிஞ்சுகள் போனபிறகு வந்த சட்டம், யாரும் குறை சொல்லவில்லை. மருத்துவமனைகளில் ஆங்காங்கே இருந்த தாய்ப்பால் வங்கிகளை எல்லாம் ஒன்றாக இணைத்து, எங்கள் கடை, குழந்தைக்குப் பால் புகட்டும் கிண்ணத்தின் பெயரில் 'பாலாடை' என்று ஒரு பிரிவு தொடங்கியது. பால் அதிகம் சுரக்கிற அம்மாக்கள் கொடுப்பார்கள். பரிசோதித்து, குளிரில் வைத்து, தேவைப்படுகிற பிள்ளைக்கு அனுப்புவோம். ஒவ்வொரு மருத்துவமனையிலும் எங்கள் குளிர்பெட்டி ஒன்று நிற்கும். நர்ஸ் குழந்தையின் எண்ணைத் தட்டினால் பொருத்தமான பாட்டிலைப் பெட்டியே எடுத்து வெளியே தள்ளும். பெற்ற தாய் எடுத்துவைத்த பால் உள்ளே இருந்தால் அதற்குத்தான் முதலிடம். பாட்டிலின்மேல் யார் பெயரும் இருக்காது. பெயர் இருந்தால் ஆள் பார்ப்பார்கள் என்றுதான் அப்படி வைத்தோம்.

நல்ல திட்டம்தான், சத்தியமாக. எடுத்த தேதி, அளவு, கொழுப்பு, ஒவ்வாமைப் பரிசோதனையின் முடிவு என்று டாக்டர்களுக்கு வேண்டியதை எல்லாம் என் பிரிவு சீராக்கிக் கொடுத்தது. அதற்கப்புறம்தான் நிரஞ்சன் என் மேஜைக்கு வந்தார்.

"பூங்கோதை, தேடல்ல ஜனங்க என்ன டைப் பண்றாங்க தெரியுமா? 'சைவத் தாய்ப்பால்'. நம்மகிட்ட அப்படி ஒரு ஃபில்டரே இல்ல."

"இருக்கக் கூடாதுங்க. டாக்டர் யாராவது கேட்டாங்களா?"

"கஸ்டமர் கேக்கறாங்க."

"அம்மா எதைச் சாப்பிட்டாலும் வர்றது பால்தானுங்க. ஒவ்வாமைக்குத் தனியா டெஸ்ட் பண்றோம். அப்புறம் இது எதுக்கு?"

"நீங்க ரொம்ப எமோஷனல் ஆகறீங்க," என்றார்.

யார் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்று கணக்குப் பார்த்த ஊர் இது. வாசலில் நிறுத்தி வைத்து 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்க இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் வாயைத் திறக்காமல் விரலால் தட்டிக் கேட்கிறார்கள். அந்த விரலுக்கு வசதி செய்து கொடுப்பதற்கு எங்கள் அலுவலகத்தில் பெயர் வாடிக்கையாளர் சேவை.

நான் சொன்னது எடுபடவில்லை. 'தாயின் உணவு' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. முதலில் அம்மாக்களே அதை நிரப்பினார்கள். 'செவ்வாய் வெள்ளி சைவம்.' 'கிருத்திகை, அமாவாசை தவிர எல்லாம்.' 'புரட்டாசியில் மட்டும் சைவம்.' 'அம்மா வீட்டில் அசைவம், மாமியார் வீட்டில் சைவம்.' ஒருத்தி 'கிடைப்பதை' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

நிரஞ்சனுக்கு இதெல்லாம் குப்பை. "ஒரு அம்மாவுக்கு ஒரே டேக். பச்சை, இல்லன்னா சிவப்பு. அவங்க சொல்றத நம்ப வேணாம், வாங்கறதப் பாப்போம்," என்றார். பாதி ஊர் எங்களிடம்தானே மளிகை வாங்குகிறது? ஒரே முகவரியிலோ ஒரே போன் எண்ணிலோ இருக்கிற கணக்குகளை எல்லாம் ஒரு குடும்பமாகச் சேர்த்துவிட வேண்டியது. அதில் எங்காவது மீனோ கறியோ முட்டையோ தட்டுப்பட்டால் அந்த வீட்டு அம்மாவுக்குச் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. எங்களிடம் எதுவுமே வாங்காதவர்களுக்கு? கட்டம் காலியாக இருந்தால் பாட்டில் தேடலில் வராது, விற்பனை படுத்துவிடும். ஆகவே காலி என்றாலும் பச்சை.

"உக்கடம் மீன் மார்க்கெட்டுல காசு குடுத்து மத்தி வாங்கறவ பச்சையாயிடுவா. பொறந்த நாளுக்குக் கேக் ஆர்டர் பண்ணின சைவக்காரி சிவப்பாயிடுவா. இது உங்களுக்கே சிரிப்பா இல்லைங்களா?" என்று கேட்டேன்.

"எர்ரர் எல்லாத்துலயும் இருக்கும். கன்ஸிஸ்டன்ஸிதான் முக்கியம்," என்றார். யாராவது கெஞ்சிக் கேட்டு ஒருத்திக்கு மட்டும் மாற்றிவிடக் கூடாதென்று, தனித்தனியாகத் திருத்தும் வசதியையும் எடுத்துவிட்டார். மாற்றினால் எல்லா அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் மாற்ற முடியும்.

ஞாயிற்றுக்கிழமை புதிய முறை ஓடி முடிந்தது. திங்கட்கிழமை காலை நான் காப்பியில் வாய் வைப்பதற்குள் போன் வந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனை, அங்கே குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குத் தலைமை நர்ஸ் மெர்லின். பெட்டியில் ஏதாவது தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவாள்.

"மேடம், பெட்டி பால் தர மாட்டேங்குது."

"தீர்ந்துருச்சா?"

"உள்ள நெறைய இருக்கு மேடம், கண்ணாடி வழியாத் தெரியுது. எல்லாத்துலயும் செவப்பு லைட் எரியுது. நேத்து வரைக்கும் இந்தக் குழந்தைக்கு ஒழுங்காக் குடுத்துச்சு. இன்னைக்கு 'பொருந்தும் பாட்டில் இல்லை'ன்னு சொல்லுது. ரெண்டு வேளை தப்பிருச்சு."

"அம்மாவோட பால்?"

"அவங்க இன்ஃபெக்‌ஷன்ல ஐசியூல கெடக்காங்க, நெனவே இல்ல. அதுக்கு முன்னாடி எடுத்து வெச்சதுதான் வந்துட்டிருந்துச்சு போல. அது முடிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன். யாரோடது எதுன்னு எனக்கு எங்க தெரியுது?"

"அப்பா?"

"அவர்தான் அட்மிஷன் அன்னைக்கே பச்சை ஃபில்டர் போட்டாரு. மாத்துங்க சார்னா, மாட்டேங்கறாரு. மேடம், ஒண்ணேகால் கிலோ குழந்தை. நேத்துதான் ட்யூப எடுத்துட்டு பாலாடையில குடிக்கப் பழகினா. ட்ரிப்ஸ்ல எத்தன நேரம் ஓட்டறது? குடல் காஞ்சா தாங்காதுன்னு டாக்டர் கத்தறாரு."

நான் நேராக நிரஞ்சன் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. விஷயத்தைச் சொல்லி, அந்த ஒரு பெட்டியையாவது இங்கிருந்தே திறந்துவிடச் சொன்னேன்.

"முடியாது. ஃபில்டர்ங்கறது பேரன்ட் எழுதிக் குடுத்த சம்மதம் மாதிரி. நாம மீறினா கோர்ட்டுக்கு இழுப்பாங்க. அப்பாவ மாத்தச் சொல்லுங்க, இல்லன்னா சேலத்துல பச்சை பாட்டில் இருக்கு, சாயங்காலம் வந்துரும்."

"சாயங்காலம் வரைக்கும் அந்தப் புள்ள என்ன பண்ணும்? உங்க கன்ஸிஸ்டன்ஸிய நக்கிட்டிருக்குமா?"

மொத்த மாடியும் திரும்பிப் பார்த்தது. "குரல இறக்குங்க," என்றார். நான் இறக்கவில்லை. "பால் மூணடி தூரத்துல இருக்கு, குழந்தை பசில இருக்கு, நடுவுல நீங்க குத்தின புள்ளி நிக்குது. உங்க வீட்டுக் குழந்தையா இருந்தா சாயங்காலம்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

குழந்தைகள் பிரிவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். சிவப்பிரகாசம். பம்ப்செட் விற்கிற கடை வைத்திருப்பவர், நாற்பதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் திருநீறு, கசங்கிய சட்டை, பல நாள் தூக்கமில்லாத கண். கையில் கைப்பேசி இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. திட்டுவதற்கென்று வைத்திருந்த வார்த்தையை நான் எடுக்கவில்லை. மனுஷன் அழுது ஓய்ந்திருந்தார்.

யார் என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க கம்பெனிதானுங்களா? பச்சை பால் ஏனுங்க தீர்ந்துச்சு? நேத்து வரைக்கும் வந்துச்சே."

"தீரலைங்க. நேத்து பச்சையா இருந்த பாட்டில்தான் இன்னைக்கு சிவப்புன்னு காட்டுது. உள்ள இருக்கற பால் மாறல, மேல குத்தின குறிதான் மாறுச்சு. நீங்க ஃபில்டரை எடுத்துட்டா இப்பவே குடுத்தறலாம்."

"வேணாமுங்க."

"டெஸ்ட் பண்ணின பாலுங்க. டாக்டரே சொல்றார்."

"டாக்டருக்கு அது பாலுங்க. எங்களுக்கு அப்படியில்லைங்க. பரம்பரை பரம்பரையா எங்க வீட்ல முட்டைகூட ஏறினதில்ல. இந்தப் பிஞ்சு வாய்லயே அத மாத்தச் சொல்றீங்களா?"

"அந்தப் பிஞ்சு வாய்க்கு ஒண்ணுமே இல்லாமக் கெடக்குதுங்க குழந்தை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மட்டும் ஈரக்கொலை நடுங்கலைன்னு நெனைக்கறீங்களா? ஆனா சுகந்தி கண்ணு முழிச்சு, 'எம்புள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க'ன்னு கேட்டா நான் என்னங்க பதில் சொல்லுவேன்? அவ முட்டைக் கடைப் பக்கங்கூட நடக்க மாட்டாளுங்க. அவளுக்காகத்தான் நான் பிடிவாதமா நிக்கறேன். சாயங்காலம் சேலத்துல இருந்து வருதாமா, அது வரைக்கும் சாமி காப்பாத்தும்."

சாமியின் தலையில் கட்டிவிட்டு அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, ஓங்கி ஓர் அறை விடலாம் என்றும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததுதான் கொடுமை. அன்பில்தான் நிற்கிறார், அது பொய்யில்லை. ஆனால் அந்த அன்பின் பாரத்தை எல்லாம் ஒன்றேகால் கிலோ உடம்பின்மேல் இறக்கிவைத்துவிட்டுச் சாமியைக் கூப்பிடுகிறாரே, அதை என்ன சொல்வது?

மெர்லின் என்னை உள்ளே கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பெண் குழந்தை கிடந்தது. தோல் சிவந்து, விலா எண்ணும்படி இருந்தது. உதட்டை மட்டும் குவித்துக் குவித்து எதையோ தேடியது. காற்றைச் சப்பியது. எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பசியைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

"இப்பிடியேதான் மேடம், காலையில இருந்து," என்றாள் மெர்லின். அவள் கையில் பாலாடை இருந்தது. கழுவித் துடைத்து, காலியாக.

நர்ஸ் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். குழந்தையின் எண்ணைப் போட்டு, பெட்டி ஏன் மறுக்கிறது என்று பார்த்தேன். பொருந்தும் பாட்டில்கள் வரிசையாக வந்தன. முதல் ஐந்துக்கும் நேரே 'பெற்ற தாய்' என்று இருந்தது.

தீரவே இல்லை. சுகந்தி காய்ச்சலில் விழுவதற்கு முன்னால் வலியோடு உட்கார்ந்து பிழிந்து வைத்த பால் ஐந்து பாட்டில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஐந்தும் சிவப்பு. காலையிலிருந்து அந்த மனுஷன் யாருக்காக வேண்டாம் வேண்டாம் என்று நிற்கிறாரோ, அவளுடைய பாலையேதான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதி எழுந்தேவிட்டேன், ஓடிப்போய்ச் சொல்ல. அப்புறம் 'ஏன்?' என்ற பொத்தானைத் தட்டிப் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன்.

சுகந்திக்குத் தனியாக ஒரு கணக்கு இருந்தது. வீட்டுக்கு அல்ல, அவள் வேலை செய்யும் ஆபீஸ் முகவரிக்கு. கர்ப்பமாக இருந்த மாதங்களில் மதிய நேரத்தில், அவித்த முட்டை. ரத்தம் குறைவாக இருக்கிறதென்று டாக்டர் சொல்லியிருப்பார், இரும்புச்சத்து மாத்திரையோடு அதே கூடையில் வாங்கியிருந்தாள். கொண்டுவருகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரே குறிப்பு: 'பிரவுன் கவரில் போட்டுக் கொடுங்கள். என்ன பொருள் என்று ரிசப்ஷனில் சொல்ல வேண்டாம்.'

அவள் போன் எண்ணை வைத்துக் கணக்குகளைச் சேர்த்தபோது எங்கள் இயந்திரம் இதையும் தோண்டி எடுத்துக் குடும்பப் பக்கத்தில் போட்டிருந்தது. கணவர் தன் கைப்பேசியில் 'ஏன்?' என்று ஒருமுறை தட்டினால் போதும், தேதிவாரியாக விரியும். 'உங்கள் வீட்டின் குறிச்சொல் மாறியுள்ளது' என்ற செய்தி ஏற்கெனவே அவர் கைப்பேசிக்குப் போயிருக்கும். துக்கத்தில் அவர் பார்க்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் பார்ப்பார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. பிள்ளைக்கு ரத்தம் ஊற வேண்டுமென்று ஒருத்தி யாருக்கும் தெரியாமல், ஆபீஸின் ஏதோ மூலையில் நின்று, பிடிக்காததை வாயில் போட்டு விழுங்கியிருக்கிறாள். கணவன், மாமியார், வீடு என்று எல்லோரையும் ஏய்த்து, பிரவுன் கவருக்குள் ஒளித்து வைத்த ஒரே ஒரு காரியம். அதை எடுத்து நடுவீட்டில் வைப்பதற்கு நாங்கள் யார்? கேட்டால் சீர்மையாம்! நினைவில்லாமல் கிடக்கிறவள் கண் விழிக்கும்போது முதலில் என்ன கேள்வி காத்திருக்கும்? பிள்ளையைப் பார்க்கவிடுவார்களா, முதலில் முட்டைக்குப் பதில் சொல்லச் சொல்வார்களா?

அவரிடம் சொன்னால் பால் கிடைக்கும், சுகந்தி மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் அவள் தப்புவாள், குழந்தை காற்றைச் சப்பும். அவள் ஒருத்தியின் கட்டத்தை மட்டும் திருத்தலாம் என்றால், அந்த வசதியைத்தான் மகாராஜன் நிரஞ்சன் எடுத்துவிட்டாரே.

மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும். சரி, எல்லோருக்கும் மாற்றுவோம்.

ஒவ்வாமைப் பரிசோதனையின் கட்டம் தனியாக, பத்திரமாக இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். அது இருந்தது. 'தாயின் உணவு' கட்டத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மளிகைக் கூடையோடு இருந்த இணைப்பை வெட்டி, அழி என்று கொடுத்தேன். எல்லாத் தாய்மார்களின் விவரமும் காரணங்களோடு சேர்ந்து நிரந்தரமாக அழியும், சம்மதமா என்று திரை கேட்டது. இதைவிடச் சந்தோஷமாக நான் எதற்கும் சம்மதித்ததில்லை.

இனி யார் 'ஏன்?' என்று தட்டினாலும் எதுவும் விரியாது. கட்டங்கள் காலியாயின. காலி என்றால் பச்சை.

"மேடம்!" என்று மெர்லின் அடுத்த அறையிலிருந்து கத்தினாள். பெட்டியில் இருந்த சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன. அவள் குழந்தையின் எண்ணைத் தட்டினாள். பெட்டி ஒரு பாட்டிலை வெளியே தள்ளியது. யாருடையது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வெந்நீரில் வைத்துக் குளிர் போக்கி, பாலாடையில் சரித்து, அந்தச் சின்ன உதட்டோரம் வைத்தாள். குழந்தை முதலில் திணறியது. அப்புறம் விழுங்கியது. மறுபடியும் விழுங்கியது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன் அடித்தது. நிரஞ்சன்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? ஃபில்டரே காணோம்!"

"எல்லாத்துக்கும் ஒரே டேக் இருந்தா ஃபில்டர் காட்டாதுங்க. நீங்க போட்ட ரூல்தான்."

"எல்லாரும் எப்படிப் பச்சை?"

"காலின்னா பச்சை. அதுவும் நீங்க போட்டதுதான். இதைவிடக் கன்ஸிஸ்டன்ட்டா இருக்க முடியாதுங்க."

"உங்க வேலை போயிடும் பூங்கோதை." பின்னால் யாரோ அவரிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு வேறு குரலில், "ஆர்டர் ஏறுது," என்றார். "தேங்கிக் கெடந்த ஸ்டாக் எல்லாம் போகுது." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "இப்போதைக்கு யார்கிட்டயும் பேச வேணாம். அப்படியே இருக்கட்டும்."

என் வேலையைக் காப்பாற்றியதும் அந்தக் கணக்குதான். குழந்தையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. போனை வைத்துவிட்டேன்.

வெளியே வந்தபோது சிவப்பிரகாசம் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகமே மாறியிருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினார்.

"பாத்தீங்களாங்க? விட்டுக் குடுக்காம நின்னேன், பச்சை பாலே வந்துருச்சு. உங்க பேச்சைக் கேட்டு மாத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். பசித்த குழந்தையின் தலைமாட்டில் நின்று வெற்றி கொண்டாடுகிற மனுஷனிடம் என்ன பேசுவது?

"என்ன வேகமாக் குடிக்கறா பாருங்க," என்றார். "சுத்தமான பாலுங்க, பாத்தாலே தெரியுது. அந்தப் புண்ணியவதி யாருன்னு தெரிஞ்சா காலைத் தொட்டுக் கும்பிடுவேன். பேரு சொல்லக் கூடாதுன்னு தெரியுமுங்க. நன்றியாவது சொல்லிருங்க."

பெயர் சொல்லக் கூடாதுதான். அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அதற்காக இதையும் விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை.

"நீங்களே நேர்ல சொல்லலாமுங்க," என்றேன். "மூணாவது மாடி. ஐசியூ."

அவருக்கு உடனே விளங்கவில்லை. கூப்பிய கை அப்படியே நின்றது.

"காலையில இருந்து நீங்க வேணாம் வேணாம்னது உங்க சம்சாரத்தோட பாலத்தாங்க. காய்ச்சல்ல விழறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சிருக்காங்க. இன்னும் நாலு பாட்டில் உள்ள இருக்கு."

அவர் கண்ணாடிக்குள் பார்த்தார். மெர்லின் பாலாடையை மறுபடி சரித்துக்கொண்டிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, கேட்கக் கூடாததையே கேட்டார்.

"அப்பறம் ஏனுங்க அத மெஷின் செவப்புன்னு சொல்லுச்சு?"

அந்த இயந்திரம் ஊரிலுள்ள அம்மாக்களை எல்லாம் தாறுமாறாகப் பிரித்து வைத்திருந்தது. மீன் தின்கிறவளைப் பச்சை என்றது, கேக் வாங்கியவளைச் சிவப்பு என்றது. அது சரியாகக் கண்டுபிடித்தது சுகந்தி ஒருத்தியைத்தான்.

"மெஷின் தப்புங்க," என்றேன்.

அவர் தலையாட்டினார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போனார்.